பச்சைக் கம்பி

டுலூத்தில் பனி பெய்யத் தொடங்கிய மூன்றாம் நாள்
வெர்லின் வந்தான்.
கையில் அதே ஆம்ப்,
காலில் நான் பார்த்திராத பூட்ஸ்.
"ரொம்ப மரியாதையாய்ப் பேசுகிறது, ஐலா.
அப்புறம் திடீரென்று கத்துகிறது.
நடுவில் ஒன்றுமே இல்லை."

சீட்டை நீட்டினேன்: பெயர், எண், கோளாறு.
விவாகரத்துத் தாளில் போட்ட அதே சாய்ந்த எழுத்து.

பின்பலகையைக் கழற்றினேன்.
சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே
நானூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும்.
கெபாசிட்டர்களுக்கு மறதி மெதுவாகத்தான் வரும்.
ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு
மறுகையால் ரெசிஸ்டரை வைத்து
மீட்டர் முள் படுக்கும்வரை காத்திருந்தேன்.
வெர்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
"இரு," என்றேன்.

இரண்டு பவர் வால்வுகள்.
பைன் மரம் அறுக்கும் நீள ரம்பத்தை
ஆளுக்கொரு முனை பிடித்தாற்போல
அலையின் மேல்பாதி ஒன்றுக்கு, கீழ்பாதி மற்றதற்கு.
ஒன்று கையைத் தளர்த்தும்போது
மற்றது ஏற்கெனவே பிடித்திருக்க வேண்டும்.
பிந்தினால்
மெல்லிய சுரங்களின் நடுவே விரிசல்.
விரிசலுக்குப் பயந்து மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போனால்
தகடு கங்காய்ச் சிவந்து
மாதத்துக்குள் செத்துப்போகும்.
மறுபடி மின்சாரம் கொடுத்து அளந்தேன்.
இருபத்திரண்டு மில்லி ஆம்பியர். அடுத்ததும் இருபத்திரண்டு.
வால்வுகள் மேல் குற்றமில்லை.

அப்புறம்தான் பச்சைக் கம்பியைப் பார்த்தேன்.
ஸ்பீக்கர் முனையில் கிளம்பி
வந்த வழியே திரும்பி ஓடும் ஒற்றைக் கம்பி.
வெளியே போன ஒலியில் ஒரு கிள்ளு எடுத்து
தலைகீழாக்கி
உள்ளே போய் ஓதும்:
இங்கே பிசிறிற்று, இங்கே கூடிப்போயிற்று, குறை.
ஆம்பும் குறைத்துக்கொள்ளும்.
அடிச்சுரம் கரை மீறாது.
தாங்கும், தாங்கும், கண்ணாடிபோல் தெளிவாய்த் தாங்கும்.
இனி முடியாது என்ற இடத்தில்
கம்பிக்குச் சொல்ல எதுவும் இருக்காது.
ஒரே அடியில் உடையும்.

கம்பி இல்லாத ஆம்ப் அப்படியில்லை.
முதலிலேயே லேசாய் முனகும்,
விரல் இறங்க இறங்க முனகல் கரகரக்கும்.
இங்கேதான் உடைந்தது என்று
யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

பதினோரு வருடம் எங்கள் வீட்டில்
ஒரு தட்டுகூட உடையவில்லை.
அம்மா அதைச் சர்ச்சில் பெருமையாய்ச் சொல்வாள்.
பன்னிரண்டாம் வருடம், மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை,
வண்டிச் சாவி எங்கே என்று கேட்டான்.
அவ்வளவுதான் கேட்டான்.

அந்தக் கம்பியைப் பற்றவைத்தவள் நான்.
கல்யாணமான வருடம்.
ஈயம் இன்னும் மினுங்குகிறது, நல்ல வேலைதான்.
அன்று அவன் கேட்டது சுத்தமான சத்தம்.

"வெட்டிவிடவா?"
"வெட்டினால்?"
"சத்தம் கூடும். அடிச்சுரம் கொஞ்சம் தொளதொளக்கும்.
இரைச்சல் கேட்கும். எதையும் மறைக்காது."
"எப்போதும் முனகிக்கொண்டேயா?"
"நீ மெல்லத் தொட்டால், மெல்ல."

வெட்டினேன்.

பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தான்.
ஓங்கி அடித்த கணத்தில் ரெக்டிஃபையர் வால்வு திணற
ஒலி ஒரு மூச்சு தாழ்ந்து
பின்னாலேயே தூக்கிக்கொண்டு எழுந்தது.
அதை நான் தொடவில்லை, அது எப்போதும் அப்படித்தான்.
முன்பு காதில் விழுந்ததில்லை.

ஏரியிலிருந்து தாதுக் கப்பல் ஒன்று கால்வாய்க்குள் நுழைந்து ஊதியது.
தூக்குப்பாலம் பதிலுக்கு ஊதியது.
வெர்லின் ஆறாம் தந்தியை அதோடு சேர்க்கப் பார்த்தான்.
கால் சுரம் இறங்கியே நின்றது.
"ட்யூன் பண்ணாமல்தான் வந்திருக்கிறாய்," என்றேன்.
"கப்பல்தான் பண்ணாமல் வந்திருக்கிறது," என்றான்.

எண்பது டாலர். தொண்ணூறு கொடுத்தான்.
பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கம்பியைப் பிடுங்கவில்லை என்று அவனிடம் சொல்லவில்லை.
வெட்டிய முனைக்கு உறை மாட்டி
சேசிஸ் மூலையில் மடித்து வைத்து
டேப்பில் தேதி எழுதியிருக்கிறேன்,
அடுத்து திறப்பவருக்கு.